பிஸ்டலை எங்கே மாட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தான். வழக்கமாக "சாப்ட்டீங்களா தாத்தா"வில் ஆரம்பிப்பான். அன்று எடுத்த எடுப்பிலேயே கேமராவை இடுப்புப் பக்கம் இறக்கி, "தாத்தா, இது இங்க இருக்கணுமா, தொடையில இருக்கணுமா?" என்றான். பார்த்தால் கறுப்பாக ஒரு பிஸ்டல் உறை, அதற்குள் பிஸ்டல்! என் மனைவி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

விஷயம் ஒன்றுமில்லை. ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டு. நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும், ஆனால் உள்ளேயிருந்து வருவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து காட்டிலும் பாழடைந்த கட்டடத்திலும் ஒளிந்து சுடுவார்கள். மேலே பட்டால் பட்டவரே "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் நாணயத்தின் பேரில்தான். இது பிறந்ததே ஜப்பானில்தான். அங்கே சாதாரண ஆள் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால், 1970களிலும் 80களிலும் பொம்மைத் துப்பாக்கியை இவ்வளவு தூரம் வளர்த்திருக்கிறார்கள். அதற்கும் 2006இல் சட்டம் போட்டு, குண்டின் ஆற்றலுக்கு உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபா என்ற மாவட்டத்தில் இதற்கென்றே நிறைய மைதானங்கள் இருக்கின்றன. இவன் அலுவலக நண்பர்களோடு மாதம் ஒருமுறை போகிறானாம். கையில் நீளத் துப்பாக்கி ஒன்று. அது தீர்ந்துபோனால் எடுக்க இந்தப் பிஸ்டல்.

"எங்க மாட்டினா சீக்கிரம் எடுக்கலாம்?" என்பது அவன் கேள்வி. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ராணுவத்தில் டேங்க்கில் இருந்தவன் என்பதால் தாத்தாவுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான். தெரியும்தான். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், படித்ததில் நினைவிருக்கும் கொஞ்சம் பழங்கதை.

பிஸ்டல் வந்த புதிதில் அதை மனிதன் இடுப்பில் மாட்டவில்லை, குதிரைதான் சுமந்தது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குதிரைவீரர்கள் சேணத்தின் முன்பக்கம் இரண்டு உறைகளைத் தொங்கவிட்டு அதில் செருகி வைத்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளம், நல்ல கனம், வேறு வழியில்லை. முந்நூறு வருஷம் கழித்து, 1847இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரும் ஏறக்குறைய 2 கிலோ. அதையும் சேணத்தில்தான் வைத்தார்கள். இதில் ஒரு சங்கடம். குதிரை உங்களைத் தள்ளிவிட்டு ஓடினால் பிஸ்டலும் சேர்ந்து ஓடிவிடும். எப்போது அது அவசரமாகத் தேவையோ சரியாக அப்போது கையில் இருக்காது.

எடை குறைந்த பிறகு ரிவால்வர் இடுப்புக்கு வந்தது. ஆனால் இடுப்பில் ஏற்கனவே ஒருவர் குடியிருந்தார்: வாள். வலது கையால் உருவ வேண்டும் என்பதால் வாள் எப்போதும் இடது பக்கம். அமெரிக்கக் குதிரைப்படையில் ரிவால்வருக்கு வலது பக்கம் கொடுத்தார்கள், ஆனால் பிடி முன்னால் பார்த்தபடி, நாம் சினிமாவில் பார்ப்பதற்கு நேர் எதிராக. வலது கையில் வாள் இருக்கும்போது இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுக்க வேண்டும், அல்லது வலது மணிக்கட்டையே திருப்பி எடுக்க வேண்டும். இன்றைக்குப் பார்த்தால் கோமாளித்தனமாகத் தெரியும். வாளை மனதில் வைத்துப் பார்த்தால் நியாயம் புரியும். 1911ஆம் வருஷத்து 45 காலிபர் பிஸ்டல் வந்த பிறகுதான் அந்த ராணுவத்தில் பிடி பின்பக்கம் திரும்பியது.

நம் ஊரில் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் உதாரணம் இருக்கிறது. அணிவகுப்பில் போலீஸ், ராணுவ அதிகாரிகள் தோளிலிருந்து குறுக்காக ஒரு தோல் பட்டை போட்டிருப்பார்கள் அல்லவா? அதற்குப் பெயர் சாம் பிரௌன் பெல்ட். சாமுவேல் பிரௌன் 1824இல் கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் பிறந்தவர், தகப்பனார் கம்பெனி டாக்டர். நாம் முதல் சுதந்திரப் போர் என்று சொல்கிற கிளர்ச்சியின்போது இவர் இரண்டாம் பஞ்சாப் குதிரைப்படையின் தளபதி. 1858 ஆகஸ்ட் 31 அன்று, பிலிபித் பக்கத்தில் சீர்ப்பூரா என்ற இடத்தில், ஒரே ஒரு சிப்பாய் துணையோடு கிளர்ச்சிக்காரர்களின் பீரங்கி ஒன்றின் மேல் பாய்ந்தார். இரண்டு வாள்வெட்டு. ஒன்று இடது முழங்காலில். இன்னொன்று இடது கையைத் தோளோடு எடுத்துவிட்டது. அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தப் பீரங்கியைக் காத்து நின்றவர்களின் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கை போனதும் அவருக்கு வந்த பிரச்சினை சண்டை போடுவதில் அல்ல, நடப்பதில். அந்தக் காலத்து அதிகாரியின் வாளுறை இடது பக்கம் வாரில் தொங்கி ஆடும். அது காலில் தட்டாமல் இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். பிடிக்கக் கை இல்லாதவர் என்ன செய்வது? அகலமான இடுப்புப் பட்டை, வாளின் கனத்தைத் தாங்க வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு ஒரு குறுக்குப் பட்டை, வலது பக்கம் மூடி வைத்த பிஸ்டல் உறை என்று அவர் வகுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். எதுவும் ஆடாது, ஒரே கையால் எல்லாம் ஆகும். ஒற்றைக் கை மனிதருக்காகச் செய்ததை, இரண்டு கையும் உள்ள உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. இதே பிரௌன் 1878இல் ஆப்கன் போருக்கு ஒரு படையையே நடத்திப் போனார்.

பிறகு குதிரை போய் எந்திரம் வந்தது. விமானிக்கு இடுப்பிலும் தொடையிலும் பாராசூட் வார்கள், அங்கே இடமில்லை. அதனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளும் டேங்க் வீரர்களும் அக்குளுக்குக் கீழே தோளில் மாட்டினார்கள். உட்கார்ந்தபடியே எடுக்கலாம். தொடையில் மாட்டும் வழக்கத்தை இந்தக் காலத்தில் பிரபலமாக்கியவர்கள் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படையினர். 1980 மே 5 அன்று லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் புகுந்தார்களே, அந்தப் படங்களில் பார்க்கலாம். உடம்பில் கவசமும் இடுப்புப் பட்டையில் மற்ற சாமான்களும் இருந்ததால் பிஸ்டல் கீழே இறங்கியது. 2003 ஈராக் போருக்குப் பிறகு தேவை உள்ளவனும் இல்லாதவனும் தொடையில் கட்டிக்கொண்டான். ஓடினால் அது தனியாக ஆடும் என்பது தெரிந்து பலர் மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார்கள்.

கௌபாய் படங்களில் தொடையோடு தாழ்ந்து தொங்குமே, அது பெரும்பாலும் ஹாலிவுட்காரன் கண்டுபிடிப்பு. மாடு மேய்த்த நிஜ ஆட்கள் மேலே, இடுப்பை ஒட்டித்தான் மாட்டினார்கள். இது எனக்கு இருபத்தைந்து வயதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 'மெக்கன்னாஸ் கோல்ட்' பார்த்து, கர்ணன் எடுத்த 'கங்கா'வில் ஜெய்சங்கரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

1970களின் கடைசி. நான் தஃபேதார், ஒரு விஜயந்தா டேங்க்கின் கமாண்டர். நம் ஆவடியில் செய்த டேங்க். எனக்கு 9 எம்.எம். பிஸ்டல் கொடுத்திருந்தார்கள். உறையை இடுப்பில் மாட்ட வேண்டும் என்பது முறை. நான் ரெஜிமெண்ட் மோச்சியிடம் கொடுத்து வார் சேர்த்துத் தைத்து, ஒரு சாண் கீழே இறக்கிக்கொண்டேன். நடக்கும்போது நன்றாக இருந்தது. போட்டோ கூட எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

ராஜஸ்தானில் பயிற்சி. மத்தியானம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒயர் கருகும் வாசனை, உடனே புகை. "பெயில் அவுட்" சொன்னேன். டிரைவருக்கும் லோடருக்கும் தனித்தனி வழி. கன்னர் மட்டும் எனக்கு முன்னால் கீழே உட்கார்ந்திருப்பார். நான் வெளியேறினால்தான் என் மூடி வழியாக அவர் வர முடியும். இருக்கையில் ஏறி நின்று மேலே தாவினேன். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. நகர முடியவில்லை. என் உறை கீழே இருக்கைக்கும் பக்கத்து இரும்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உதறினேன், வரவில்லை. என் தலை நல்ல காற்றில் இருந்தது, அவருடையது புகையில். எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவர்தான் கீழேயிருந்து தடவிப் பார்த்து, என் காலைத் தள்ளி, வாரை விடுவித்தார். அதன் பிறகுதான் நான் வெளியே வந்தேன், அவரும் வந்தார், வந்து மணலில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார்.

தீ பெரிதாகவில்லை, அணைத்துவிட்டோம். அவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விசாரணையில் ஒயரைப் பற்றித்தான் கேட்டார்கள், உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே பிளேடால் அந்த வாரை அறுத்துப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். இதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தபோது உடம்பு சில்லிட்டது: பிரிட்டிஷ் டேங்க் படையிலும் முதலில் தொடை வரை நீண்ட வாரில் உறையைத் தொங்கவிட்டு, டேங்க்குக்குள் அது இடைஞ்சல் என்று கண்டு, இடுப்புக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் பேரனைக் கூப்பிட்டேன். "சீக்கிரம் எடுக்குறது இருக்கட்டும். அதை மாட்டிக்கிட்டு குந்து, படு, ஊர்ந்து போ, ஜன்னல்ல ஏறி இறங்கு. நீளத் துப்பாக்கி தோள்ல தொங்கும்போது எங்க வந்து இடிக்குதுன்னு பாரு. எங்கயும் மாட்டாத இடம்தான் உன் இடம்" என்றேன். எதனால் என்று கேட்டான். அவன் அப்பாவிடம்கூட நான் சொல்லாததை, நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவனிடம் சொன்னேன். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து அன்றுதான் கேட்டாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கன்னர் தாத்தா இப்ப எங்க இருக்காரு?" என்றான்.

பாளையங்கோட்டையில் இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வார், மூட்டுவலியைப் பற்றிப் பேசுவோம். அவர் குரல் அன்றிலிருந்து கரகரப்புத்தான். பேரன் நம்பர் கேட்டான், கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். உறை வலது இடுப்பில், பெல்ட்டை ஒட்டி இருந்தது. தொடை வாரைக் கழற்றிவிட்டான் போல.