இடம் மாறினாலும் ஒன்றுதானா?

மூன்றையும் ஐந்தையும் எவ்வரிசையில் பெருக்கினாலும் பதினைந்துதான். எண்களை விடுத்துக் கட்டமைப்புகளையே பெருக்க முற்பட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. 1938இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஹாஸ்லர் விட்னி, ஏபெலியன் குலங்களுக்கு டென்சர் பெருக்கத்தை வரையறுத்தார். அங்கே 'அ'வோடு 'ஆ'வைப் பெருக்குவதும், 'ஆ'வோடு 'அ'வைப் பெருக்குவதும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஒரு பாலம் உண்டு, அவ்வளவே.

1945இல் சாமுவேல் ஐலன்பெர்க்கும் சாண்டர்ஸ் மக்லேனும் வகைமைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட பின், இப்பாலங்களே ஆய்வுப்பொருளாயின. பாலங்கள் பலவெனில், எவ்வழி சென்றாலும் முடிவு ஒன்றாகுமா?

1963இல் மக்லேன் விடை தந்தார். நான்கு பொருள்களுக்கு அடைப்புக்குறியிடும் ஐந்து முறைகளை இணைக்கும் ஐங்கோண விதி, இடமாற்றத்திற்கான அறுகோண விதி, அலகுக்குரிய விதிகள், இருமுறை இடம் மாற்றினால் தொடக்கத்திற்கே மீளும் சமச்சீர் விதி ஆகிய இவை பொருந்தினால் போதும். பொருள்களை ஒரே வரிசையில் கொண்டு சேர்க்கும் வழிகள் யாவும் ஒத்துப்போகும்.

பின்னர் ஆந்த்ரே ஜோயாலும் ராஸ் ஸ்ட்ரீட்டும் அந்தச் சமச்சீர் விதியை மட்டும் கைவிட்டுப் பார்த்தனர். 1993இல் வெளியான அவர்களது கட்டுரை 'பின்னல் வகைமை'களை விரித்துரைத்தது. கயிறு திரிப்போர் இதை அறிவர். இரு புரிகளை ஒரே பக்கமாக இருமுறை மாற்றிப்போட்டால், அவை பழைய இடத்திற்கே வந்துவிடும். முறுக்கு மட்டும் எஞ்சும்.

'சமம்' என்று ஒற்றைக் குறியால் நாம் கடந்துவிடும் இடத்தில், வந்த வழியின் நினைவு மறைந்துபோகிறது. அந்நினைவைக் காத்துவைத்ததே இவ்வரலாற்றின் சாரம்.