ரந்தெனிவெலைப் போர்: சமயப் போரா?

போர்த்துக்கல், முஸ்லிம் அரசுகளுடன் நிகழ்த்திய நெடும் போர்களினூடே உருவான கிறித்தவ அரசாகும். 1249இல் தன் மண்ணில் எஞ்சியிருந்த முஸ்லிம் ஆட்சியை அகற்றிய அது, 1415இல் கடல்கடந்து ஆபிரிக்கக் கரையிலுள்ள சேயுத்தாவைக் கைப்பற்றியது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர், இங்கு வணிகம் நடத்திய முஸ்லிம்களைத் தம் பழம் பகைவரின் பெயராலேயே 'மூர்' என அழைத்தனர். 1626இல் தம் ஆட்சிப் பகுதியினின்று அவர்களை வெளியேற்றவும் முற்பட்டனர். வெளியேற்றப்பட்டோருக்குப் புகலிடமளித்தவன் பௌத்தனாகிய கண்டி மன்னன் செனரத். பலரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான்.

நான்கு ஆண்டுகளின் பின் ஊவாவில் நிகழ்ந்த போரையும் இச்சமயப் பகையின் தொடர்ச்சியாகக் கொள்ளலாமா?

தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கோட்டைகளை அமைத்துக் கண்டியின் கடல்வழித் தொடர்பை அடைத்தான். 1630 ஆகஸ்டில் ஊவாவினுட் புகுந்து பதுளையை எரியூட்டினான். அவனது படையில் போர்த்துக்கேயர் சில நூற்றுவரே. ஏனையோர் லஸ்கரீன்கள் எனப்பட்ட சிங்களப் போர்வீரர். படை திரும்பும் வழியில், இன்றைய வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலையில், கண்டிப் படை அதனைச் சூழ்ந்தது. லஸ்கரீன்களை நடத்திய முதலிமார் தம் வீரருடன் கண்டியர் பக்கம் சேர்ந்தனர். பெருமழை வெடிமருந்தை நனைத்தது. த சா களத்தில் மாண்டான். அவனது படை அழிந்தது.

பக்கம் மாறிய முதலிமார் யாவர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. தொன் தியோதோசியு, தொன் கொஸ்மு, தொன் அலெய்ஷு, தொன் பல்தசார் என்னும் அவர்தம் பெயர்களே அவர்கள் ஞானஸ்நானம் பெற்றோர் என்பதைக் காட்டும். ஒரே சமயத்தினராயிருந்தும் அவர்கள் போர்த்துக்கேயரைக் கைவிட்டனர். லஸ்கரீன்கள் நிலமானியத்துக்கு ஈடாகப் படைச்சேவை புரிந்த குடியானவர். ஆண்டுதோறும் நீண்ட படையெடுப்புகளும் கிராமங்களைப் பெற்ற பறங்கியரின் கடும் வசூலும் அவர்களை வருத்தின. பயிரை விட்டுவந்து அயலான் பொருட்டுத் தம் இனத்தவரையே தாக்க நேர்ந்தமை அவ்வருத்தத்தை வெறுப்பாக்கிற்று. 1594இல் தந்துறையிலும் போர்த்துக்கேயர் இவ்வாறே கைவிடப்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வென்ற கண்டியராலும் கொழும்பை வீழ்த்த இயலவில்லை. 1633இல் உடன்படிக்கை ஏற்பட்டது. எனினும் ரந்தெனிவெலை உணர்த்துவது தெளிவு. பௌத்த மன்னன் முஸ்லிம்களுக்குப் புகலளித்தான். கிறித்தவ முதலிமார் பௌத்த மன்னனுடன் சேர்ந்தனர். போருக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டுதல் எளிது. ஆயின் அதன் முடிவை நிர்ணயித்தது நிலமும் உழைப்பும் பற்றிய குடிகளின் மனக்குறையே எனலாம்.