டெட்ராய்ட் எலெக்ட்ரிக்

டெட்ராய்ட் எலெக்ட்ரிக், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில் 1907 முதல் 1939 வரை தயாரான மின்சாரக் கார். அமெரிக்காவின் பழைய மின்சாரக் கார்களில் நெடுங்காலம் நிலைத்தது இதுவே. 2008இல் இப்பெயர் மீட்கப்பட்டு, 2013இல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வெளியிடப்பட்டது.

தோற்றம்

வில்லியம் ஆண்டர்சன் 1884இல் போர்ட் ஹூரான் ஊரில் குதிரை வண்டி செய்யும் தொழிலைத் தொடங்கி, 1895இல் டெட்ராய்ட்டுக்கு இடம்பெயர்ந்தார். 1907இல் அவருடைய நிறுவனம் மின்சாரக் கார் செய்யத் தொடங்கியது. வண்டிப் பட்டறையில் ஊறிய கைத்திறன், காரின் கூண்டிலும் மெத்தையிலும் வளைந்த கண்ணாடிச் சன்னல்களிலும் தெரிந்தது. ஸ்டீரிங் சக்கரம் கிடையாது. படகின் சுக்கான்போல ஒரு தண்டைப் பிடித்து ஓட்டினார்கள்.

வழக்கமான மின்கலம் ஈய அமில வகை. 1911 முதல், 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் எடிசனின் நிக்கல் இரும்பு மின்கலம் கிடைத்தது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 80 மைல் (ஏறத்தாழ 130 கி.மீ.) ஓடும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது; ஒரு சோதனை ஓட்டத்தில் 211.3 மைல் எட்டப்பட்டது. வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ. நகரத் தெருவுக்கு அது தாராளமாகப் போதும்.

அக்காலப் பெட்ரோல் காரைக் கிளப்ப, முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது எதிர்த்துத் திரும்பிக் கையை முறித்த விபத்துகள் பல. அந்தத் தொல்லையும் புகையும் இல்லாததால் பெண்களும், அழைத்தவுடன் கிளம்ப வேண்டிய மருத்துவர்களும் இதை விரும்பி வாங்கினார்கள். பெட்ரோல் கார்களின் பேரரசர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே இதைத்தான் ஓட்டினார். எடிசனும் ஒன்று வைத்திருந்தார்.

சரிவு

1912இல் கேடிலாக் பெட்ரோல் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. மின்சாரக் காரை வீழ்த்தியது அதுதான். பெட்ரோல் காரின் கைப்பிடியை ஒழித்ததே ஒரு மின் மோட்டார் என்பது இவ்வரலாற்றின் முரண்நகை. பெட்ரோலும் மலிந்தது. பிற்கால டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்கள், தேவையே இல்லாத ரேடியேட்டர் முகப்பைப் பொருத்திக்கொண்டு பெட்ரோல் கார் சாயலில் வந்தன. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் நிறுவனம் நொடித்தது. அதன்பின், கேட்டவர்களுக்கு மட்டும், வில்லிஸ், டாட்ஜ் கூண்டுகளைப் பயன்படுத்திச் செய்து கொடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 13,000 கார்கள் தயாராயின.

மறுபிறப்பு

லோட்டஸ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஆல்பர்ட் லாம் 2008இல் இப்பெயரை மீட்டார். 2013 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் எஸ்பி:01 என்ற ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமானது. லோட்டஸ் எலீஸின் அடித்தளம், இரண்டு இருக்கை, 201 குதிரைத்திறன், மணிக்கு 155 மைல் (249 கி.மீ.) உச்ச வேகம், 37 கிலோவாட் மணி மின்கலம். அதில் சேர்ந்த மின்சாரத்தை வீட்டுக்குத் திருப்பித் தரும் வசதியும் அறிவிக்கப்பட்டது. விலை 1,35,000 டாலர். 999 கார்கள் மட்டுமே செய்வதாகத் திட்டம். பழைய கார் வேகத்தை நாடியதில்லை, நம்பகத்தையே விற்றது. புதியது பெயரை எடுத்துக்கொண்டு அந்தக் குணத்தை விட்டுவிட்டது.

உற்பத்தி மிச்சிகனில் தொடங்கும் என்ற அறிவிப்பு நிறைவேறவில்லை. பணி பிரிட்டனுக்கு மாறியது. மிகச் சில கார்களே உருவாயின.

பழைய கார்கள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன.