மூன்று மாத விருந்தாளிகள்

ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ சில மாதங்களுக்குக் கூப்பிட்டு வைத்திருக்க விரும்பும் எம்மவர்கள் முதலில் கேட்பது, 'எந்த விசா போட்டால் கூட நாள் நிற்கலாம்?' என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றில் நாங்களும் இருக்கிறோம். எழுபது வயதுத் தாயொருத்தியைப் பார்த்து 'இவர் திரும்பிப் போவாரா?' என்று சந்தேகிக்கும் விதி, அவரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. எங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இதை விளங்கிக்கொள்ளாமல் விசாப் படிவத்தை நிரப்புகிறவர்கள், அந்தப் படிவம் என்ன கேட்கிறது என்பதையே விளங்கிக்கொள்வதில்லை.

விசா என்பது ஏதோ ஆதிகாலத்திலிருந்து வந்த ஒன்றல்ல. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. யுத்தகாலத் தற்காலிக ஏற்பாடாக வந்த கட்டுப்பாடுகள் யுத்தம் முடிந்தும் போகவில்லை. 1920இல் சர்வதேச சங்கம் பாரிசில் கூட்டிய மாநாடு, கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவத்தைக் கொடுத்ததேயொழிய அதை ஒழிக்கவில்லை. நாடிழந்தவர்களுக்கு எந்தக் கடவுச்சீட்டும் இல்லை என்ற சிக்கல் உடனேயே எழுந்தது. ரஷ்ய அகதிகளுக்காக 1922இல் 'நான்சன் பத்திரம்' உருவாயிற்று. இன்று எங்கள் கைகளில் இருக்கும் அகதிகளுக்கான பயணப் பத்திரம் அதன் வாரிசுதான். 1951ஆம் ஆண்டு ஜெனீவா சாசனத்தின் 28ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.

இலங்கையிலும் இந்தக் கதை ஒரு சட்டத்தோடுதான் தொடங்கியது. கப்பலேறித் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் போய்வந்துகொண்டிருந்த மக்களுக்கு இடையில், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் வந்து நின்றது. விசா, தற்காலிக வதிவிட அனுமதி என்ற சொற்கள் இந்திய வம்சாவளித் தமிழரின் வாழ்க்கைக்குள் நுழைந்தன. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லும் கூடவே வந்தது. அது சிங்களவரின் வாயில் மட்டும் இருந்த சொல் அல்ல என்பதை எம் சமூகம் ஒத்துக்கொள்ளத் தயங்கிவந்திருக்கிறது. பிற்காலத்தில் வேறு மொழிகளில், வேறு எழுத்துக்களில், அதே சொல் எங்களை நோக்கி வந்தது.

1985 வரை பிரித்தானியாவுக்குப் போக இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவைப்படவில்லை. பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் விமானத்தில் ஏறி, லண்டனில் இறங்கி, குடிவரவு அதிகாரியிடம் 'பார்க்க வந்தேன்' என்று சொல்ல முடிந்தது. 1983 யூலைக்குப் பின்னர் எம்மவர்கள் அங்கே இறங்கி அடைக்கலம் கேட்கத் தொடங்கினார்கள். 1985 மே மாத இறுதியில் பிரித்தானியா இலங்கையர் மீது விசாக் கட்டுப்பாட்டை விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் பிரஜைகள் மீது அது விதித்த முதலாவது விசாக் கட்டுப்பாடு இதுதான். அடுத்த வருடமே இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளுக்கும் அது விரிந்தது. ஆக, கதவு முதலில் எங்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. பின்னர்தான் மற்றவர்களுக்கும் சாத்தினார்கள்.

மேற்கு ஜேர்மனிக்கு வந்த பாதை வேறு. கிழக்கு ஜேர்மனியின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைத்தங்கல் விசா ஒன்றுடன் பிரீட்றிக் ஸ்ராச ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்துவிடலாம். பேர்லின் ஒரே நகரம், அதற்கு நடுவில் ஓடும் கோடு ஒரு நாட்டின் எல்லை அல்ல என்பது மேற்கு வல்லரசுகளின் நிலைப்பாடு. ஆகவே மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பரிசோதனை இருக்கவில்லை. பனிப்போரின் அந்தப் பிடிவாதத்தால்தான் எமக்கு முன்வந்த தலைமுறையில் எத்தனையோ பேர் உயிர் தப்பினார்கள். 1985 யூலையில், சேரும் நாட்டின் விசா இல்லாத தமிழருக்கு இடைத்தங்கல் விசா கொடுப்பதைக் கிழக்கு ஜேர்மனி நிறுத்தியது. 1986 ஒக்ரோபர் முதல் எல்லா நாட்டவருக்கும் அந்தப் பாதை மூடப்பட்டது. அதே 1986 ஓகஸ்டில்தான், மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் புறப்பட்ட 155 தமிழர்கள் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள்.

1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடைகளைக் கழற்றிப்போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே வருடம் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிய பத்திரங்கள் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்குத் தலைக்கு 1000 பவுண் தண்டம். அதன் பின்னர் எல்லை லண்டனில் இல்லை. அது கொழும்பிலும் மும்பாயிலும் ரிக்கற் பார்க்கும் மேசைக்கு வந்துவிட்டது. இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில், விமானம் மாறுவதற்குக்கூட விமான நிலைய இடைத்தங்கல் விசா எடுக்கவேண்டிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருக்கிறது. கனடாவுக்குப் போகும் தாய் ஐரோப்பா வழியாகப் போவதானால், ரிக்கற் வாங்கும்போதே இதைக் கவனிக்கவேண்டும். கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியான விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் நடந்த பிறகு 'சுற்றுலா விசா' என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. முன்னர் அது ஊர் பார்க்க வருபவருக்கான அனுமதி. இப்போது அது, திரும்பிப் போவேன் என்று நிரூபிக்கக்கூடியவருக்கான அனுமதி. ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே உள்ளது. விசா முடியுமுன் வெளியேறும் எண்ணம் பற்றி நியாயமான சந்தேகம் எழுந்தால் விண்ணப்பத்தை மறுக்கவேண்டும். 2017 மார்ச் 7ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. அலெப்போவிலிருந்து வந்த சிரியக் குடும்பமொன்று, பெல்ஜியத்தில் அடைக்கலம் கேட்பதற்காகவே விசா கேட்டது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் நோக்கத்தோடு கேட்கப்படும் விசாவை அந்தச் சட்டம் உள்ளடக்கவில்லை, கொடுக்க நாடுகள் கடமைப்பட்டவை அல்ல என்றது நீதிமன்றம். உண்மையைச் சொல்லி வர அந்தச் சட்டத்தில் வழியில்லை என்பதே இதன் பொருள்.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் கேள்விக்கு வரவேண்டும். எம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இரண்டு விடயங்களைக் குழப்பிக்கொள்வதால். விசா எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பது ஒன்று. ஒரு தடவை வந்தால் எத்தனை நாள் நிற்கலாம் என்பது வேறொன்று. ஐந்து வருட ஷெங்கன் விசா கிடைத்தாலும், எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. 2013 ஒக்ரோபர் 18 முதல் இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கிப் பார்க்கப்படுகிறது. இந்த 90 நாள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியானதும் அல்ல. பாரிசில் மகனுடன் 60 நாள் நின்ற தாய்க்கு, சூரிச்சில் மகளுடன் நிற்க 30 நாள்தான் மிஞ்சும். 2025 ஒக்ரோபர் 12 முதல் படிப்படியாக, நுழைவையும் வெளியேற்றத்தையும் முத்திரைக்குப் பதிலாகக் கணினி பதியத் தொடங்கியது. 'ஒரு கிழமை கூடினால் யார் பார்க்கப்போகிறார்கள்' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

பிரித்தானிய விசாவிலும் இதே பொறி உண்டு. இரண்டு, ஐந்து, பத்து வருட விசாக்கள் இருக்கின்றன. ஆனால் வழமையாக ஒரு வருகைக்கு ஆறு மாதம்தான். குடும்பத்தைப் பார்க்க வருபவருக்கு விசா மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் முழு உரிமை 2000இல் திரும்பக் கொடுக்கப்பட்டது. 2013 யூனில் அதை மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள்.

நீண்ட நாள் நிற்பதற்கென்றே தனியான விசாக்கள் உண்டு. அவற்றைப் பற்றி எம்மவரில் பலர் கேட்பதே இல்லை. கனடா 2011 டிசெம்பரில் பெற்றோருக்கும் பேரன் பேத்தியுள்ள மூத்தோருக்குமான 'சுப்பர் விசா'வைக் கொண்டுவந்தது. முதலில் ஒரு வருகைக்கு இரண்டு வருடம். 2022 யூலை முதல் ஐந்து வருடம். பிள்ளைக்குப் பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்கவேண்டும், குறித்த வருமானம் காட்டவேண்டும், பெற்றோருக்கு ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். அவுஸ்திரேலியா 2019இல் பெற்றோருக்கென மூன்று வருட, ஐந்து வருடத் தற்காலிக விசாவைத் தொடங்கியது. அங்கே சாதாரண வருகை விசாவில் 8503 என்ற இலக்கம் அச்சிடப்பட்டிருந்தால், உள்ளே நின்றபடி வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று பொருள். விலக்கு மிக அரிது. பிரான்சில் மூன்று மாதத்துக்கு மேல் நிற்க விரும்புபவருக்கு 'வருகையாளர்' நீண்டகால விசா உண்டு. வேலை செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, செலவுக்குப் பணமும் காப்புறுதியும் காட்டவேண்டும். இதற்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கவேண்டும். மூன்று மாத விசாவில் வந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் பலர் அகப்படுகிறார்கள்.

கொடுக்கவேண்டிய பத்திரங்களும் சும்மா இல்லை. பிரான்சில் குறுகிய வருகைக்குக்கூட, அழைப்பவர் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் எடுக்கவேண்டும். வீட்டின் அளவு, வாடகை, சம்பளச் சிட்டை எல்லாம் பார்ப்பார்கள். ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில், வருபவரின் செலவு முழுவதற்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும். உணவகக் குசினிகளில் வேலைசெய்யும் எங்களைப் போன்றவர்களின் சம்பளச் சிட்டையில் பாதி மணித்தியாலங்கள்தான் பதியப்பட்டிருக்கும். மீதி கையில் தரப்பட்டிருக்கும். முதலாளி எழுதாமல் விட்ட அந்த மணித்தியாலங்களுக்கு, தாயைக் காணாமல் நாங்கள் விலை கொடுக்கிறோம். ஆகவே அழைப்புக்கு ஒரு வருடத்துக்கு முன்னரே சிட்டையைச் சரியாகத் தரும்படி கேட்கத் தொடங்கவேண்டும்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. நோக்கம் என்ன என்ற கேள்விக்கு 'சுற்றுலா' என்று போட்டு, ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் பதிந்து கடிதம் இணைப்பது. யாரோ ஒரு முகவர் சொல்லிக்கொடுத்திருப்பார். படிவத்திலேயே 'குடும்பத்தினரைப் பார்த்தல்' என்ற கட்டம் தனியாக இருக்கிறது. மகன் இங்கே அகதி என்பதை மறைத்த விண்ணப்பம், அது தெரியவரும்போது, மறைத்த காரணத்துக்காகவே மறுக்கப்படும். திரும்பிப் போவதற்கான காரணங்களை, அதாவது காணி உறுதி, ஓய்வூதியப் புத்தகம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் என்பவற்றை, நேராகக் காட்டுவதே மேல். ஷெங்கன் மறுப்பென்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதற்கு எதிராக முறையிடவும் உரிமை உண்டு. கடிதத்தில் குறித்த கால எல்லை குறுகியது. கவலைப்பட்டு அலுமாரிக்குள் வைத்துவிடாமல் அன்றே வாசிக்கவேண்டும்.

'நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே' என்று வெள்ளைக்கார நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் பயணப் பத்திரம் பிறந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்கே செல்லும். ஆகவே நாங்கள் சென்னையிலோ திருச்சியிலோ அறை எடுத்து, இரு பக்கமும் விசா வாங்கி, பெற்றோரை மூன்று கிழமை சந்தித்துவிட்டுப் பிரிகிறோம். அதுவும் சுற்றுலா விசாவில்தான். அம்மா சுற்றுலாப் பயணி அல்ல. நாங்களும் அல்ல. ஆனால் படிவங்களில் எங்களுக்கு வேறு பெயர் இல்லை.

எந்த விசா என்று தெரிவு செய்வதற்கு முன், எத்தனை நாள் உண்மையில் தேவை என்பதைக் குடும்பத்துக்குள் பேசித் தீர்மானிக்கவேண்டும். பேரப்பிள்ளை பிறக்கும் நேரமென்றால் மூன்று மாதம் போதும். நோயாளித் தகப்பனைக் கூட வைத்திருக்கவேண்டுமென்றால் போதாது. நீண்டகால விசாவுக்குத்தான் பாடுபடவேண்டும். குறுகியதை வாங்கி நீட்டப் பார்ப்பவர் தன் தாயின் அடுத்த வருகையையும் இழக்கிறார். 

இன்னுமொன்று. பழைய இடைத்தங்கல் விசாக்கள், மறுப்புக் கடிதங்கள், நகரசபைச் சான்றிதழ்கள் வீட்டில் இருந்தால் எறியவேண்டாம். எங்கள் இடப்பெயர்வை அரசுகள் தங்கள் கோப்புகளில் எழுதி வைத்திருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கோப்பு அந்தத் தாள்கள்தான்.