பதிவகத் திருமணத்தில் நண்பர்களின் பங்கு: ஜெர்மனியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கருதுகோளும்

வேலைக்கோ படிப்புக்கோ போன நாட்டில் இருவர் அரசுப் பதிவகத்தில் மணம் முடிப்பது இன்று பரவலாக நடக்கிறது. பெற்றோருக்கு விசா கிடைக்காமல் போயிருக்கலாம்; விமானக் கட்டணம் கட்டுப்படியாகாமல் இருக்கலாம்; ஆரவாரம் வேண்டாமென்று அந்த இருவரே முடிவெடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும், தாய்மாமனும் அத்தையும் நிற்க வேண்டிய இடத்தில் அன்று நிற்பவர்கள் நண்பர்கள்தாம். ஜெர்மனியில் சட்டம் அவர்களிடம் எதையும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆகவே அவர்கள் செய்யும் உதவிக்கு மணமக்களின் விருப்பம் ஒன்றே அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. சாட்சி: விதியும் வழக்கமும்

ஜெர்மன் பேரரசின் சான்சலர் பிஸ்மார்க் காலத்தில் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மூண்ட மோதலில் பிறந்தது 1875-ஆம் ஆண்டுச் சட்டம். 1876 ஜனவரி 1 முதல் பேரரசு முழுவதும் பதிவாளர் முன் நடக்கும் மணமே செல்லுபடியாகும் மணமாயிற்று. அது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. 1998 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த விதியை நீக்கியது. இப்போது மணமக்கள் விரும்பினால் ஒருவரையோ இருவரையோ சாட்சியாக அழைக்கலாம். எவரும் இல்லாமலும் மணக்கலாம். இங்கிலாந்திலோ குறைந்தது இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பது இன்றும் சட்டம்.

கட்டாயம் போன பின்னும் ஜெர்மனியில் சாட்சி வைக்கும் வழக்கம் போகவில்லை. சாட்சியாக அழைக்கப்பட்டவர் கையெழுத்தோடு நிற்காமல், விருந்து ஏற்பாட்டையும் தோளில் போட்டுக்கொள்கிறார். அழைக்காமல் விட்டாலும் குறையில்லை என்ற நிலையில் வரும் அழைப்பு, பழைய விதி தந்த இடத்தைவிட மதிப்புடையது என்றே கருதுகிறேன்.

3. காகித வேலை

கொண்டாட்டத்துக்கு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பகுதி இது. என் கணிப்பில் மிகவும் தேவையான உதவியும் இதுவே. வெளிநாட்டுக் குடிமக்கள் மணக்கத் தடையில்லை என்று தம் நாட்டிலிருந்து சான்று கொண்டுவர வேண்டும் என்கிறது ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு. அத்தகைய சான்றே வழங்காத நாடுகளின் குடிமக்களுக்கு மேல்நிலை வட்டார நீதிமன்றத்தின் தலைவர் விலக்கு அளிக்க வேண்டும். பிறப்புச் சான்று முதல் ஒவ்வொன்றையும் முறைப்படி மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும். எல்லாம் சரிபார்த்துத் தடையில்லை என்று பதிவகம் அறிவித்தால், அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் மணம் முடிய வேண்டும். தவறினால் மீண்டும் முதலிலிருந்து பதிய வேண்டும்.

இந்த அலைச்சலில் மணமக்கள் சோர்ந்துபோகும் தருணங்கள் பல. அலுவலகக் கடிதத்தை உட்கார்ந்து வாசித்துப் பொருள் சொல்பவர், சந்திப்பு நாளில் கூடவே போய்க் காத்திருப்பவர், காலாவதித் தேதிகளைக் குறித்து வைத்து நினைவூட்டுபவர் ஆகியோரின் உழைப்பு எந்தப் படத்திலும் பதிவாவதில்லை. மணமக்களில் ஒருவருக்கு ஜெர்மன் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும். நன்றாகப் பேசும் நண்பர் போதும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. யாரை ஏற்பது என்பதைப் பதிவகமே சொல்லும். முன்கூட்டியே கேட்டறிவது நண்பரின் பொறுப்பு.

4. அறைக்குள்

சடங்கு சுருக்கமானது. பதிவாளர் சில சொற்கள் பேசி, இருவரையும் தனித்தனியே கேட்கிறார், ஆம் என்கிறார்கள், கையெழுத்திடுகிறார்கள். இருவரும் நேரில், ஒரே வேளையில் இருந்தாக வேண்டும். உறுதிமொழிக்கு நிபந்தனையோ காலவரம்போ கூடாது.

பதிவாளர் அனுமதித்தால், ஊரிலிருக்கும் பெற்றோருக்குக் கைபேசியில் நேரலையாகக் காட்டுவது பெரிய உதவி. குளிர்காலத்தில் ஜெர்மனிக்கும் தமிழ்நாட்டுக்கும் நான்கரை மணி நேர இடைவெளி. யாழ்ப்பாணத்துக்கும் அதே கணக்கு. ஜெர்மனியில் முற்பகல் 11 மணி என்றால் ஊரில் பிற்பகல் 3.30. கோடையில் இடைவெளி மூன்றரை மணியாகக் குறையும். அந்தக் கைபேசியை ஏந்துபவர் வேறு படம் எடுக்கக் கூடாது. ஊரில் இருக்கும் தாய்க்கு அவர்தான் கண்.

5. வாசலில்

ஜெர்மானிய நண்பர்களின் கலை வெளிப்படுவது பதிவக வாசலில். மரக்கட்டை ஒன்றைத் தாங்கியில் கிடத்தி வைத்திருப்பார்கள். இருபுறமும் பிடியுள்ள ரம்பத்தால் மணமக்கள் சேர்ந்து அறுக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளினால் ரம்பம் வளைந்து சிக்கும், விட்டுக்கொடுத்தால்தான் ஓடும். வெள்ளைப் படுக்கை விரிப்பில் பெரிய இதயம் வரைந்து, சிறு கத்தரிக்கோலால் இருவரையும் வெட்டச் சொல்வது இன்னொரு வழக்கம். வெட்டிய வழியே மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். மணநாளுக்கு முன்மாலையில் பீங்கான் பாத்திரங்களை உடைத்து மணமக்களைக் கூட்டிப் பெருக்க வைப்பதும் உண்டு. பீங்கான் உடைவது நற்குறி, கண்ணாடி உடைவது தீக்குறி என்பதால் கண்ணாடிப் பொருள்களை ஒதுக்கிவிடுவார்கள்.

அரிசி தூவுவதைப் பல பதிவகங்கள் தடை செய்துள்ளதால் சோப்புக் குமிழிகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. பிறகு வாசலிலேயே நின்றபடி நுரை ஒயினும் உப்பு ரொட்டியும். அடுத்த மணமக்கள் காத்திருப்பார்கள் என்பதால் இடத்தைத் துடைத்துக் கொடுப்பதும் நண்பர் வேலைதான்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிப்பது தவறு. எளிமையைத் தேர்ந்த இருவருக்குப் பெரிய திருமணத்தின் சின்ன நகலைப் பரிசளிப்பது அன்பின் மிகை. ரம்பம் போதும் என்றால் ரம்பம் மட்டும். ஒன்றுமே வேண்டாம், சேர்ந்து சாப்பிட்டால் போதும் என்றால் நல்ல உணவகத்தில் ஒரு மேசை.

6. டென்மார்க் வழி

ஜெர்மனியின் காகிதச் சுமை தாங்காதவர்கள் டென்மார்க்குக்குப் போகிறார்கள். 2019 முதல் அங்கே வெளிநாட்டு இணைகளின் ஆவணங்களைக் குடும்பச் சட்ட அமைப்பு ஒன்றே மையமாகச் சரிபார்க்கிறது. அது தரும் சான்று 4 மாதம் செல்லும். எர்ஓ தீவு இத்தகைய மணங்களுக்குப் பெயர்பெற்றது. ஸ்வென்ட்போர் நகரிலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். டென்மார்க்கில் மணத்துக்கு இரு சாட்சிகள் வேண்டும். யாரும் உடன் வராவிட்டால் நகராட்சி ஊழியர்களே சாட்சியாக நிற்பதுண்டு. நண்பர் வர முடியாதபோது அந்த ஏற்பாடு தடையை நீக்குகிறது. கூட வர முடிந்தவர் வருவதே நல்லது.

7. மணத்துக்குப் பின்

பன்மொழித் திருமணச் சான்றின் கூடுதல் படிகளை அன்றே வாங்கிவைக்க நினைவூட்ட வேண்டும். பெயர் மாற்றியிருந்தால் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் திருத்த வேண்டும்; வதிவிட அனுமதிக்கு அயலார் அலுவலகத்தில் நேரம் கேட்க வேண்டும். விருந்து முடிந்த வாரத்தில் இந்த வரிசைகளில் கூட நிற்கும் நண்பரை மணமக்கள் மறப்பதில்லை.