கீவேர்ட் - சொற்கள் சந்தைக்கு வந்த கதை

இணையத்தில் கடை திறக்கும் எவரும் இன்று முதல் வேலையாக ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். தான் விற்கும் பொருளை மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள்? மாதத்துக்கு எத்தனை முறை தேடுகிறார்கள்? அதே சொல்லுக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள்? இதற்குத்தான் கீவேர்ட் ரிசர்ச் என்று பெயர். தேடுசொல் ஆய்வு என்று தமிழில் சொல்லலாம்.

இது ஏதோ கணினி விஞ்ஞானிகள் உட்கார்ந்து கண்டுபிடித்த கலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது வளர்ந்தது ஓர் ஏலக்கடையில். அந்தக் கடையின் கதையைத் தெரிந்துகொண்டால், இன்று இந்தக் கணக்கு ஏன் முழுதாக யாருக்கும் கிடைப்பதில்லை என்பதும் புரிந்துவிடும்.

யூகத்தில் ஓடிய காலம்

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா தேடுபொறி வந்தது. அதுவும் இன்ஃபோசீக் போன்ற மற்ற தேடுபொறிகளும் வலைப்பக்கத்தின் நிரலுக்குள் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்று ஒரு வரி எழுதினால் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. அந்த வரி வாசகர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் தெரியும். இந்தப் பக்கம் இன்னின்ன விஷயத்தைப் பற்றியது என்று தளத்துக்காரரே சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு அது.

தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்ள இடம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. ஒரே சொல்லை வரிசையாகத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். சம்பந்தமே இல்லாத பிரபலங்களின் பெயர்களைத் திணித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. கடைசியில் 2002ல் ஆல்டாவிஸ்டா அந்த வரியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது.

இத்தனை தகிடுதத்தம் செய்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரியாது. மக்கள் நிஜமாக என்ன தேடுகிறார்கள்? அந்தக் கணக்கு தேடுபொறிகளின் கணினிகளுக்குள் பூட்டிக் கிடந்தது. வெளியில் இருந்தவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏலக்கடை திறந்தது

1998ல் பில் கிராஸ் என்ற தொழில்முனைவோர் கோடூ.காம் என்ற தேடுபொறியைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் பசடேனாவில் இருந்த அவருடைய ஐடியாலேப் நிறுவனத்தில் பிறந்தது அது. அவருடைய யோசனை மிகவும் எளிது. தேடல் முடிவில் முதலிடம் யாருக்கு? அதிகம் கொடுப்பவருக்கு!

ஒரு சொல்லுக்கு ஒருவர் ஒரு க்ளிக்குக்கு 10 செண்ட் தருவதாகச் சொல்கிறார், இன்னொருவர் 12 செண்ட் தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 செண்ட் காரர் மேலே வருவார். யாராவது க்ளிக் செய்தால்தான் காசு. யார் எவ்வளவு தருகிறார் என்பதையும் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே போட்டார்கள்.

தேடலைக் காசுக்கு விற்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது. கார் விற்பவர் 'சமையல்' என்ற சொல்லை வாங்கினால், சமையல் குறிப்புத் தேடி வருபவர்கள் எதையும் வாங்காமல் போவார்கள், க்ளிக் காசு மட்டும் தண்டம். எனவே சம்பந்தம் இல்லாத சொல்லை யாரும் சும்மா பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். மெட்டா கீவேர்டில் பொய் சொல்ல ஒரு பைசா செலவில்லை. இங்கே பொய்க்கு விலை இருந்தது.

ஏலம் என்றால் சரக்கைக் காட்ட வேண்டும் அல்லவா? சொல்தான் சரக்கு. அதனால் கோடூ நிறுவனம் ஒரு கருவியை இலவசமாகத் திறந்து வைத்தது. ஒரு சொல்லை இட்டால், அதுவும் அதை ஒட்டிய சொற்களும் முந்தைய மாதம் தங்கள் வலையமைப்பில் எத்தனை முறை தேடப்பட்டன என்று அது காட்டும். மளிகைக் கடைக்காரர் யார் யார் என்ன கேட்டார்கள் என்று எழுதி வைத்த நோட்டைத் தெருவில் தொங்கவிட்ட மாதிரி! நிறுவனம் 2001ல் ஓவர்சூர் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் இந்தக் கருவி தொடர்ந்தது.

விளம்பரம் வாங்காதவர்களும் அந்த நோட்டைப் படித்தார்கள் என்பதுதான் முக்கியம். காசு கொடுக்காமல் தேடுபொறியில் மேலே வர நினைத்தவர்களுக்கு முதல்முறையாக ஓர் எண் கையில் கிடைத்தது. கருவியில் குறைகள் இருந்தன. ஒருமையையும் பன்மையையும் ஒன்றாகவே எண்ணியது. இருந்தாலும் யூகத்தைவிட எண் மேல்.

இதே காலத்தில் லண்டனிலிருந்து வேர்ட்டிராக்கர் என்ற கட்டணச் சேவையும் வந்தது. பல தேடுபொறிகளின் முடிவுகளைத் திரட்டித் தரும் தளங்களில் மக்கள் இட்ட சொற்களைக் கொண்டு அது கணக்குப் போட்டது. அப்போது பிரபலமான சூத்திரம் ஒன்று உண்டு. தேடல் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, போட்டிப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1,000 முறை தேடப்படும் சொல்லுக்கு 10 லட்சம் பக்கங்கள் போட்டி என்றால் விடை 1. வெறும் 100 முறை தேடப்படும் சொல்லுக்கு 1,000 பக்கங்களே போட்டி என்றால் விடை 10. சிறிய சொல்லே லாபம்! தேவை, அளிப்பு என்று பொருளாதாரப் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

கூகிள் நுழைகிறது

கூகிள் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையை 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் தொடங்கியது. 2002 பிப்ரவரியில் அதுவும் க்ளிக்குக்குக் காசு என்ற ஏல முறைக்கு வந்தது. இரண்டு திருத்தங்கள் செய்தது. ஒன்று, அதிக விலை சொன்னால் மட்டும் போதாது, மக்கள் அந்த விளம்பரத்தை க்ளிக் செய்கிறார்களா என்றும் பார்த்தது. இரண்டு, வென்றவர் தான் சொன்ன விலையைத் தர வேண்டாம், அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவு தந்தால் போதும்.

ஓவர்சூர் சும்மா இருக்கவில்லை. தன் காப்புரிமையை மீறியதாக 2002ல் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது. 2003ல் யாஹூ சுமார் 163 கோடி டாலருக்கு ஓவர்சூரை வாங்கியது. 2004 ஆகஸ்டில், கூகிள் பங்குச் சந்தைக்கு வருவதற்குச் சற்று முன், 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஏலக்கடை யோசனையின் மதிப்பு அவ்வளவு!

சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள்

அதுவரை தேடுசொல் என்பது வெறும் எண்ணிக்கை. 2006 ஆகஸ்டில் அந்த நினைப்பு உடைந்தது. ஏ.ஓ.எல். நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, சுமார் 6.5 லட்சம் பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை இணையத்தில் வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள்தான் இருந்தன. ஆபத்தில்லை என்று நினைத்தார்கள்.

ஆனால் ஒரே எண்ணின் கீழ் வரிசையாகக் கிடந்த சொற்கள் ஒரு மனிதரின் வாழ்க்கையையே சொல்லின. ஊர்ப் பெயர், உறவினர் பெயர், உடல் உபாதை, நாய் வளர்ப்பு... நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாட்களிலேயே ஓர் எண்ணுக்கு உரிய பெண்மணியின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். ஏ.ஓ.எல். மன்னிப்புக் கேட்டது, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார். கோப்பு மட்டும் இணையத்தில் பரவிக்கொண்டே இருந்தது.

சந்தையில் விற்பனைக்கு வந்த சொற்கள் யாரோ ஒருவர் இரவில் தனியாக உட்கார்ந்து தட்டிய கவலைகள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சொல்லுக்காகவே எழுத்து

எண்ணிக்கை கிடைத்ததன் இன்னொரு விளைவு டிமாண்ட் மீடியா. 2006ல் தொடங்கிய இந்த அமெரிக்க நிறுவனம் மக்கள் என்ன தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பர விலை என்ன, போட்டி எவ்வளவு என்று கணினியால் கணக்கிட்டுத் தலைப்புகளை முடிவு செய்தது. பிறகு சுமார் 15 டாலருக்கு ஒரு கட்டுரை என்று எழுதி வாங்கியது. ஈஹவ் தளம் அப்படித்தான் நிரம்பியது. எழுதுபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, சொல்லுக்கு விலை இருந்தால் போதும்.

2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளில் அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது! ஆனால் அடுத்த மாதமே கூகிள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளத் தொடங்கியது. அடுத்தடுத்த மாற்றங்களில் ஈஹவ் அடி வாங்கியது. 2016ல் நிறுவனத்தின் பெயரே லீஃப் குரூப் என்று மாறிவிட்டது.

நோட்டு மூடப்பட்டது

யாஹூ கைக்குப் போன ஓவர்சூர் கருவி 2007ல் கவனிப்பாரற்றுப் போனது. 2011 அக்டோபரில் கூகிள், உள்நுழைந்து தேடுபவர்களின் தேடலை மறையாக்கம் செய்தது. எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று தளத்துக்காரர் பார்த்துவந்த இடத்தில் 'தரப்படவில்லை' என்ற வாசகம் வந்தது. 2013ல் ஏறக்குறைய எல்லாத் தேடல்களுக்கும் அதே கதி. அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்திருந்த கூகிளின் கீவேர்ட் கருவியும் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டமிடும் கருவிக்கு விளம்பரக் கணக்கு தேவைப்பட்டது. 2016 முதல், குறைவாகச் செலவு செய்பவர்களுக்குச் சரியான எண்கூட இல்லை, 'ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை' என்ற மாதிரி மதிப்பீடுதான்.

கூகிள் சொன்ன காரணம் அந்தரங்கப் பாதுகாப்பு. ஏ.ஓ.எல். சம்பவத்தைப் பார்த்தவர்கள் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுத்த விளம்பரதாரர்களுக்குத் தங்கள் விளம்பரத்தைக் கொண்டுவந்த சொற்கள் கணக்கு அறிக்கையில் தொடர்ந்து கிடைத்தன. அந்தரங்கம்தான் காரணம் என்றால் காசு கொடுத்தவருக்கு மட்டும் எப்படித் திறக்கிறது?

ஓர் ஏலக்கடைக்காரர் தன் வியாபாரத்துக்காகத் தெருவில் தொங்கவிட்ட நோட்டு அது. வியாபாரம் பெரிதானதும் நோட்டைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த நோட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதியவர்கள் தேடிய மக்கள். அதைப் படிக்க யாருக்கு உரிமை என்று அவர்களிடம் மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.