முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’: பிரித்தானிய அரச கீதத்தை இனங்காணல்

முன்னுரை

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் இயற்றிய ஏறத்தாழ நாற்பது சிறு உருப்படிகள் ‘நோட்டுஸ்வர சாகித்தியங்கள்’ எனப்படுகின்றன. அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அமைந்தது. மெட்டு அரசனுக்குரியது என்பதால் உருப்படியும் அரச வாழ்த்தாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெட்டு வந்த வழி

1745இல் இலண்டன் நாடக அரங்குகளில் பாடப்பட்டுப் புகழ்பெற்ற இம்மெட்டு, ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வழியே தமிழகத்தில் ஒலித்தது. தீட்சிதர் குடும்பத்தார் மணலியில் முதலியார் ஆதரவில் வாழ்ந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையில் மேலை இசையைக் கேட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. அக்காலத்தில் அரியணையில் இருந்தோர் அனைவரும் ஆண்களே. விக்டோரியா அரசியானது 1837இல், தீட்சிதர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின்னரே. ஆகவே மூலமெட்டைக் ‘காட் சேவ் த குயின்’ எனக் குறிப்பது காலமுரண். ‘காட் சேவ் த கிங்’ என்பதே பொருந்தும்.

இசைச் சான்றுகள்

மும்மூன்று எண்ணிக்கையாக நடக்கும் இம்மெட்டு, முதற்பகுதியில் 6, இரண்டாம் பகுதியில் 8 என 14 அளவைகள் கொண்டது. ‘ஸஸரி’ எனத் தொடங்கி, கீழ் நிஷாதத்திற்கும் தைவதத்திற்கும் இடையிலேயே இயங்குகிறது. மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. சங்கராபரணத்தில் வைத்து எண்ணப்படினும், கமகமின்றி நேர்ச்சுரங்களாக ஒலிப்பதால் அவ்விராகக் கிருதிகளிலிருந்து எளிதில் வேறுபடுகிறது.

சாகித்தியச் சான்றுகள்

மெட்டை இனங்காட்டும் குறிப்பு எதுவும் சாகித்தியத்தில் இல்லை. அரசன் பெயரோ அவனைக் குறிக்கும் சொல்லோ காணப்படவில்லை. முன்னிலைப்படுத்தப்படுபவள் சங்கீத சியாமளை. தீட்சிதர் பின்பற்றிய ஸ்ரீவித்தை மரபில் இவள் லலிதையின் அமைச்சி, இசைக்குரிய தெய்வம். ‘குருகுஹ’ முத்திரையும் இடம்பெறுகிறது. மூலப்பாடல் அரசனைக் காக்குமாறு இறைவனை வேண்டுகிறது; ‘பாஹி மாம்’ என்பதோ ‘என்னைக் காப்பாயாக’ என்னும் வேண்டல். காத்தல் என்னும் வினை இரண்டிற்கும் பொது; காக்கப்படுபவர் மட்டும் மாறுகிறார். அரசன் இருந்த இடத்தில் பாடுபவரே நிற்கிறார்.

முடிவுரை

சுப்பராம தீட்சிதர் 1905இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட தொடக்கநிலைப் பயிற்சி நூலில் நோட்டுஸ்வரங்கள் இடம்பெற்றன. இவை அரசவை வாழ்த்தாக அல்லாமல், மாணாக்கரின் பாடமாகப் பயன்பட்டன என்பதை இது காட்டுகிறது. மெட்டைக் கொண்டு மட்டும் மதிப்பிடின் ‘சந்ததம் பாஹிமாம்’ அரச வாழ்த்தாகத் தோன்றும். சாகித்தியத்தையும் பயன்பாட்டையும் இணைத்து நோக்கின், அது மேலை மெட்டை ஏற்று, அம்மெட்டு சுமந்துவந்த அரச விசுவாசத்தை விலக்கிய ஆக்கம் என்பது புலனாகும்.